வழியிற் பறிகொடுத்தோர்

அயல் நாட்டிற் பொருளைப் பறிகொடுத்தவனுக்கு நேரும் இழப்பு ஒன்றன்று, இரண்டாகும். கையிலிருந்த பொருள் போவது முதல் இழப்பு. தான் இன்னாரென்று பிறர்க்குக் காட்டும் சான்று போவது இரண்டாவது இழப்பு. முன்னதை உழைத்து மீண்டும் ஈட்டிக்கொள்ளலாம். பின்னதை இழந்தவனோ மெய்யே உரைப்பினும் பொய்யனைப்போல் தலைகுனிந்து நிற்க நேரிடுகின்றது. இவ்வுண்மையை நூல்களிற் கற்கு முன்னரே என் மேசைக்கெதிரில் நான் கண்டேன். கண்டும் அப்போது உணர்ந்தேனில்லை.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காள தேசத்து இளைஞர் ஒருவர், சம்பளம் போட்ட மறுநாள், வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்காகப் பட்டணம் போனார். அடுத்த நாட்காலை வெறுங்கையுடன் ஆபீசுக்கு வந்து நின்றார். பஸ் நிலையத்தில் அவருடைய பை களவு போய்விட்டது. இரண்டு மாதச் சம்பளம், தாயாருக்கென்று வாங்கிய ஒரு மோதிரம், பாஸ்போர்ட் ஆகிய மூன்றும் அப்பையில் இருந்தன. பணத்தைப் பற்றியும் மோதிரத்தைப் பற்றியும் அவர் அதிகம் பேசவில்லை. பாஸ்போர்ட் போய்விட்டதென்பதையே தமக்குத் தெரிந்த மலாயில் மும்முறை சொன்னார். நான் தலை நிமிராமலே, "சூதில் விட்டாயா? யாருக்காவது விற்றாயா?" என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து கொண்டார்.

பின்னர் நடந்ததை இக்கட்டுரையின் முடிவிற் கூறுவேன். அவரை அந்நிலையிற் கண்டதே, வழியிற் பறிகொடுத்த பழம் பயணிகளின் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணமாயிற்று. அவ்வரலாற்றில் நமக்கொரு பாடம் இருக்கின்றது. அதனை வாசக நேயர்கள்முன் வைக்கிறேன்.

இருபத்து நான்கு கடிதங்கள்

கி. பி. ஏழாம் நூற்றாண்டிற் சீன தேசத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த யுவான் சுவாங் என்னும் பௌத்தத் துறவியை அறியாதார் இலர். அவர் தம் நாட்டை விட்டுப் புறப்பட்ட காலத்தில் எல்லை கடந்து செல்லலாகாதென்று அரசாணை இருந்தது. அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. காவற் கோபுரங்களுக்கு அஞ்சி, இரவில் நடந்து பாலைவனத்தைக் கடந்தார். ஆகவே, அப்பெரியார் பயணம் தொடங்கியது முறையான சீட்டின்றியே என்க.

வழியில் துர்பான் பகுதியை ஆண்ட அரசன் அவரிடம் பேரன்பு கொண்டான். மேற்றிசையில் அவர் கடக்க வேண்டிய நாடுகளின் அரசர்களுக்கு இருபத்து நான்கு கடிதங்கள் எழுதி, ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு பட்டுச் சுருளையும் இணைத்துக் கொடுத்தான். 'இவர் இன்னார், இவரை ஆதரித்து அடுத்த நாட்டுக்கு அனுப்புக' என்பதே அக்கடிதங்களின் கருத்து. இக்காலத்துப் பாஸ்போர்ட்டிலும் இதே வேண்டுகோளைக் காணலாம். எழுதிய அரசனை அடுத்த நாட்டரசன் அறிந்திருந்தான். அறிந்தவன் சொன்னதனால் அறியாதவனை நம்பினான். பயணச் சான்று என்பதன் உயிர்நிலை இதுவே.

ஆனால், கள்வன் கடிதம் படிப்பதில்லை. பஞ்சாப் பகுதியில் ஒரு புரசங் காட்டைக் கடக்கும்போது ஐம்பது கொள்ளைக்காரர் யுவான் சுவாங்கையும் அவர் கூட்டத்தாரையும் வளைத்துக் கொண்டனர். பொருளையும் உடைகளையும் பறித்துக்கொண்டு அனைவரையும் ஒரு வற்றிய குளத்துக்குள் விரட்டினர். துறவி ஒரு நீர்வழித் துளையினூடே தப்பி ஓடி, வயலில் ஏர் உழுதுகொண்டிருந்த ஒரு பிராமணரிடம் செய்தியைச் சொன்னார். அவர் ஏரை நிறுத்தினார், சங்கை ஊதினார், பறையை முழக்கினார். எண்பது பேர் ஆயுதங்களோடு திரண்டனர். கள்வர் ஓடி மறைந்தனர். கட்டுண்டவர் விடுவிக்கப்பட்டனர். ஊரார் தத்தம் உடைகளைப் பகிர்ந்து கொடுத்தனர்.

கூட இருந்தோர் அழுதபோது துறவி மட்டும் புன்னகை செய்தாராம். உயிரே பெரும் பொருள், அது தப்பியிருக்க மற்றவற்றுக்கு வருந்துவானேன் என்பது அவர் கருத்து. அது துறவியின் உள்ளம். நம்மனோர்க்கு எளிதிற் கைவராது. நாம் எண்ண வேண்டியது அந்த உழவர் ஓர் அயலார்க்குச் செய்த உதவியையே. முன்பின் அறியாத மொட்டைத் தலையர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதை அவர் நம்பினார். 'நீ யார்? உன் கடிதம் எங்கே?' என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இன்னும் ஒன்று. பல்லாண்டு கழித்துத் தாயகம் திரும்புகையில் சிந்து நதியிற் புயல் எழுந்து படகு கவிழும் நிலையை அடைந்தது. யுவான் சுவாங் அரிதின் முயன்று சேர்த்த ஏடுகளில் ஐம்பது ஏடுகள் நீரிற் போயின. இது களவன்று; விபத்து. ஆயினும் இழப்பு இழப்பே. அவர் என் செய்தார்? அக்கரையிலேயே பல நாட்கள் தங்கி, உத்தியான நாட்டுக்கு ஆளனுப்பி, போனவற்றிற்கு நகல் எடுத்து வரச் செய்தார். பிறகும் வழியிலிருந்தே வேறு ஊர்களுக்கு ஆளனுப்பி நூல்களைத் தேடினார். 645-ம் ஆண்டில் அவர் சீனத் தலைநகரை அடைந்தபோது கொண்டு சென்ற நூல்கள் 657. மூலம் ஓரிடத்திலும் நகல் வேறோரிடத்திலும் இருப்பதன் பயன் இதுவன்றோ!

கடலிற் கிடந்த கள்வர்

நிற்க. ஆறு நூற்றாண்டு கடந்து மேலைக் கடற்கரைக்கு வருவோம். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்றவர். மலையாளக் கரையிலும் கூர்ச்சரத்திலும் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட கொள்ளைக் கப்பல்கள் கடலில் இறங்கும் என்றும், கள்வர் தம் மனைவி மக்களையும் உடன் கொண்டு கோடைகாலம் முழுவதும் கடலிலேயே கிடப்பர் என்றும் அவர் எழுதுகிறார். இருபது முப்பது கப்பல்கள் ஓர் அணி. ஐந்தாறு மைலுக்கு ஒரு கப்பலாக நிறுத்தினால் நூறு மைல் கடல் அவர்கள் கைக்குள் வந்துவிடும். ஒரு வணிகக் கப்பல் கண்ணிற் பட்டதும் தீயினாலோ புகையினாலோ அடையாளம் காட்டுவர்; எல்லாரும் வந்து சூழ்ந்து கொள்வர். பொருளை எடுத்துக்கொண்டு வணிகரை உயிரோடு விட்டுவிடுவதும் உண்டு. போய் மறுபடியும் சம்பாதித்து வந்தால் அதுவும் தமக்கே ஆகுமென்று ஏளனமும் செய்வராம். கூர்ச்சரத்துக் கள்வர், பிடிபட்ட வணிகர்க்குப் புளியும் கடல் நீரும் கலந்து புகட்டுவர். விழுங்கி ஒளித்த முத்தும் மணியும் வெளிவந்துவிடும்.

கள்வர் மட்டுமா கொள்ளையடித்தனர்? புயலில் உடைந்து கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கெல்லாம் அந்நாட்டரசனுக்கே உரியதென்பது அக்காலத்திற் பல துறைமுகங்களின் வழக்கமாயிருந்தது. இவ்வழக்கத்தைக் கைவிட்ட அரசரும் இருந்தனர். காகதீய மன்னன் கணபதி தேவன் 1244-45-ம் ஆண்டில் ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்னும் துறைமுகத்திற் கல்வெட்டு ஒன்று பொறித்தான். முன்னாள் அரசர், புயலில் ஒதுங்கிய கலங்களின் பொன்னையும் யானை குதிரைகளையும் மணிகளையும் வலிந்து கவர்ந்தனர். தானோ குறித்த சுங்கம் ஒன்று நீங்கலாக வேறெதையும் தீண்டுவதில்லை என்பது அதன் கருத்து. அயலான் பொருளுக்கு அரசனே காவல் என்று கல்லில் எழுதிய இச்செயல், போர் வெற்றிகளைக் காட்டிலும் பெரிதென்று எனக்குத் தோன்றுகின்றது.

இப்னு பதூதாவின் இழப்புக்கள்

இனி, இக்கட்டுரையின் நாயகரைக் காண்போம். மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரத்தில் 1304-ம் ஆண்டிற் பிறந்த இப்னு பதூதா, 1325-ல், இருபத்தொரு வயதில், மெக்கா யாத்திரைக்கென்று தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டார். அவர் நிலையாகத் தாய்நாடு திரும்பியபோது கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது. அவர் சென்ற தொலைவு 70,000 மைலுக்கு மேல் என மதிப்பிடுவர். அவரைப்போல் அலைந்தவரும் அரியர். அவரைப்போற் பறிகொடுத்தவரும் அரியர்.

டில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரை நீதிபதியாக்கினான். பின்னர்ச் சீனச் சக்கரவர்த்தியிடம் தூதராக அனுப்பினான். நூறு குதிரைகள், நூறு அடிமைகள், நூறு ஆடற் பெண்டிர், பட்டாடைகள், பொற்கலங்கள் முதலிய காணிக்கைகளுடன் அத்தூது புறப்பட்டது. டில்லிக்கு அணித்தே உள்ள கோயில் என்னும் ஊரருகே, அஃதாவது இன்றைய அலிகாரில், ஒரு சண்டையில் அவர் தம் கூட்டத்தைப் பிரிந்தார். வில்லேந்திய நாற்பது பேர் வளைத்து, உடுத்த உடை தவிர எல்லாவற்றையும் பறித்தனர். கொல்வதற்கென்று ஒப்படைக்கப்பட்டுப் பின் இரக்கத்தால் விடப்பட்டார். ஒரு வார காலம் இலையைத் தின்று, மறைந்து திரிந்து, காலில் வலுவற்று விழுந்தவரை, வழியில் வந்த கரிய மனிதர் ஒருவர் முதுகிற் சுமந்து ஓர் ஊரிற் சேர்த்தார்.

அடுத்த இழப்பு கள்ளிக்கோட்டையில். மூன்று மாதம் காத்திருந்து, காணிக்கைப் பொருள்களைச் சீனக் கப்பலில் ஏற்றினர். இப்னு பதூதா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். அன்றிரவு கடல் கொந்தளித்துக் கப்பல் நொறுங்கியது. அவருடைய சொந்தப் பொருள் இருந்த மற்றொரு சிறு கப்பலோ அவரை விட்டுவிட்டே பாய் விரித்துச் சென்றது. கரையில் மிஞ்சியவை பத்துத் தீனாரும் அவர் படுத்திருந்த ஒரு விரிப்புமே. உடனிருந்த ஒரே ஊழியனும், நிலைமையைக் கண்டு அவரை விட்டு நீங்கினான்.

ஈண்டு ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். அவர் இழந்த உடைமைகளின் கணக்கில் மனிதரும் இருந்தனர். கருவுற்றிருந்த ஓர் அடிமைப் பெண் அச்சிறு கப்பலிற் போனாள். அவள் இறந்தாளென்றும், மற்றவர் பல நாடுகளிற் சிதறினரென்றும் பின்னர் அவர்க்குச் செய்தி வந்தது. காணிக்கையாக ஏற்றப்பட்ட நூற்றுக்கணக்கானோர் தம் பெயரும் பதிவாகாமலே மறைந்தனர். விடுதலையையே பறிகொடுத்த அம்மாந்தரின் இழப்பை எழுதுவார் அக்காலத்தில் இல்லை.

தூது குலைந்த பின் டில்லிக்குத் திரும்ப இப்னு பதூதா அஞ்சினார். காணிக்கையை விட்டு ஏன் பிரிந்தாய் என்று சுல்தான் கேட்டால் என்ன சொல்வது? பொருளைப் பறிகொடுத்தவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் விந்தை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதன் பின் மாலத்தீவில் நீதிபதியானார். இலங்கைக்குச் சென்று ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்தும் மணியும் பரிசாகப் பெற்றார். அங்கிருந்து தமிழ்நாடு வந்து, மதுரையில் ஆண்ட சுல்தான் கியாசுத்தீனைக் கண்டார். அவன் செய்த கொடுமைகளை உள்ளது உள்ளவாறே எழுதியவர் இவரே. மதுரையில் அப்போது கொள்ளை நோய் பரவியிருந்தது. இவர்க்கும் கடுங்காய்ச்சல் கண்டது. புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாகக் கூறுகிறார்.

மதுரையை விட்டுக் கொல்லம் சென்று, 1345-ம் ஆண்டளவில் வடக்கே ஹொன்னாவருக்குக் கப்பலேறினார். வழியில் ஒரு சிறு தீவின் அருகே பன்னிரண்டு போர்க் கப்பல்கள் வந்து மோதின. ஆபத்துக் காலத்துக்கென்று சேமித்ததும், இலங்கை வேந்தன் தந்த மணிகளும், பெரியோர் கொடுத்த ஆடைகளும், உணவும் எல்லாம் போயின. காற்சட்டை ஒன்று தவிர உடம்பில் எதுவும் மிஞ்சவில்லை. கப்பலில் இருந்த அனைவரையும் இவ்வாறே உரித்துக் கரையில் இறக்கிவிட்டனர்.

இதில் வியப்பு யாதெனில், இதே மலையாள நாட்டின் தரைவழியை அவர் முன்பு வானளாவப் புகழ்ந்திருக்கிறார். அரை மைலுக்கு ஒரு தங்கு மண்டபமும் கிணறும் இருந்தன. ஒரு காயைத் திருடியவனுக்கும் மரண தண்டனை கிடைத்தது. கீழே விழுந்த பழத்தையும் உரியவனன்றிப் பிறர் தொடார். அதைக் காட்டிலும் அச்சமற்ற வழியை அவர் கண்டதில்லையாம். தரையில் அத்துணைக் காவல். கடலில் இத்துணைக் கொள்ளை! ஒரு நாட்டினரை நல்லவர் என்றோ கள்வர் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

அரை நிர்வாணமாய்க் கள்ளிக்கோட்டைக்கு வந்து ஒரு பள்ளிவாசலில் நுழைந்தார். சட்ட அறிஞர் ஒருவர் ஓர் அங்கி அனுப்பினார். நீதிபதி ஒரு தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் அங்கி அனுப்பினார். அந்த மூன்று துணிகளும் அவரை மீண்டும் மனிதராக்கின.

மீளாத ஏடு

ஆடை மீண்டது. பொருளும் பின்னர் ஓரளவு சேர்ந்தது. மீளாதது ஒன்று உண்டு. மத்திய ஆசியாவில் புகாரா நகரத்துக் கல்லறைகளில் அறிஞர்களின் பெயரும் அவர்கள் எழுதிய நூல்களின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பலநாள் உழைத்து அவர் படியெடுத்து வைத்திருந்தார். கடற்கொள்ளையில் அக்குறிப்புக்களும் போய்விட்டன என்று அவரே வருந்திக் கூறுகிறார். முத்தை விற்கலாம், அக்காகிதத்தை அக்கள்வர் என் செய்தனரோ! கடலில் எறிந்திருப்பர். மதுரையைப் பற்றி அவர் ஏதேனும் எழுதி வைத்திருந்தால் அதுவும் அன்றே போயிருக்கும். தமிழ்நாட்டு வரலாற்றின் ஒரு பகுதிக்கு நேரிற் கண்ட சாட்சியாய் நமக்குக் கிடைப்பது அவர் நினைவு ஒன்றே.

ஊர் திரும்பிய பின், மொராக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, அவர் வாய்மொழியாகக் கூறியதை இப்னு ஜுஸய் என்பவர் எழுதினார். 1355-ம் ஆண்டின் இறுதியில் அவர் கூறி முடித்தார். நூலில் ஆண்டுக் கணக்குக் குழம்பிக் கிடக்கின்றது. மெக்கா, டமாஸ்கஸ் முதலியவற்றைப் பற்றிய பகுதிகளில், முன்னோரான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தவை கலந்திருக்கின்றன. அவர் சீனத்திற்குப் போனாரா என்றே ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். குறிப்பேட்டை இழந்தவனுக்கு நேரும் கதி இதுவே. கள்வன் ஒரு நாளிற் செய்த களவு அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தீரவில்லை.

சீனத்தைப் பற்றி அவர் கூறும் செய்திகள் நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவன. அங்கே வழிச் சத்திரங்களில் அதிகாரி ஒருவர் மாலையில் பயணிகளின் பெயரைப் பதிந்து கதவைப் பூட்டுவார். காலையில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்துச் சரிபார்ப்பார். அடுத்த சத்திரத்தில் எல்லாரும் சேர்ந்தனர் என்று எழுத்துச் சான்று வாங்கி வர ஆளனுப்புவார். வணிகர் தம் பணத்தைச் சத்திரக்காரரிடம் ஒப்படைப்பர். தவறினால் அவரே பொறுப்பு. அயலாரின் உருவத்தை ஓவியர் அவர்கள் அறியாமலே எழுதி வைப்பர். குற்றம் செய்து ஓடினால் அவ்வோவியத்தைக் கொண்டு தேடுவர். பெயர்ப் பதிவும் உருவப் படமும் பயணியைக் காக்கவும் பயன்பட்டன, பிடிக்கவும் பயன்பட்டன.

அவர் சீனத் துறைமுகமாகிய ஜைதூனில் இறங்கியபோது கையில் காணிக்கை இல்லை. தூதர் கோலமும் இல்லை. அவரைத் தூதரென்று யார் நம்புவார்? முன்னர்ச் சீனத்திலிருந்து டில்லிக்குத் தூது வந்து, கள்ளிக்கோட்டைக் கப்பற் சேதத்தில் தப்பிய அதிகாரி ஒருவர் அங்கே எதிர்ப்பட்டார். அவர் இன்னார் என அடையாளம் கண்டு, சுங்க அதிகாரியிடம் எடுத்துரைத்து, தங்க நல்ல வீடும் வாங்கித் தந்தார். முத்திரையிட்ட ஓலை செய்யாததை ஒரு மனிதரின் வாய்ச்சொல் செய்தது.

எலியும் ஆடும்

இக்காலத்துப் பாஸ்போர்ட் முதல் உலகப் போரினால் எங்கும் கட்டாயமாகியது. 1920-ம் ஆண்டு அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் சார்பிற் பாரிஸ் நகரிற் கூடிய மகாநாடு, அதனை 32 பக்கங்கொண்ட ஒரே மாதிரியான புத்தகமாக அமைக்கும்படி பரிந்துரைத்தது. களவு போன பாஸ்போர்ட்டுகளின் எண்களைப் பல நாட்டுப் போலீசாரும் பார்த்தறிய, இண்டர்போல் நிறுவனம் 2002-ம் ஆண்டில் ஒரு பதிவுக் களஞ்சியம் தொடங்கியது. ஆதலின், இழந்தவர் உடனே போலீசில் எழுதி வைப்பதும், தம் நாட்டுத் தூதரகத்தை அடைவதும் இன்றியமையாதன. ஜோசியனிடமும் மை போட்டுப் பார்ப்பவனிடமும் ஓடுவதால் ஒரு நாள் வீணாகும். அந்த ஒரு நாளில் கள்வன் எல்லை கடப்பான்.

ஆனால், இவையெல்லாம் நடைபெறுதற்கு முன் வேண்டுவது ஒன்று. பறிகொடுத்தவன் சொல்வதை ஒருவராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இப்னு பதூதாவையே அவர் தாய்நாட்டில் பொய்யரென்றனர். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் இதனைத் தம் நூலிற் குறிக்கிறார். டில்லிச் சுல்தானைப் பற்றிய செய்திகளைக் கேட்ட அரசவையோர் தமக்குள் முணுமுணுத்தனர். தாமும் நம்பவில்லை என்று இப்னு கல்தூன் ஓர் அமைச்சரிடம் கூறினார். அமைச்சர் ஒரு கதை சொன்னார். ஒரு மந்திரி பல்லாண்டு சிறையிலிருந்தார். அவர் மகன் சிறையிலேயே வளர்ந்தான். தான் உண்ணும் இறைச்சி எதனுடையதென்று மகன் கேட்க, ஆட்டினுடையது என்று தந்தை கூறினார். ஆடு எப்படி இருக்கும்? தந்தை எவ்வளவு விளக்கியும், "எலியைப் போலவா?" என்றே அவன் கேட்டான். சிறையில் அவன் கண்ட பிராணி எலி ஒன்றே. நாம் காணாததனாலேயே ஒன்றைப் பொய்யென்று தள்ளலாகாது என்பது அமைச்சர் கருத்து.

இதைப் படித்தபோது எனக்கு நாணம் உண்டாயிற்று. இங்கிலீஷ் பள்ளியிற் படித்து, ஆபீஸ் நாற்காலியில் அமர்ந்து, 'சூதா, விற்பனையா?' என்று கேட்ட நானும் எலியை மட்டும் கண்ட பிள்ளையே அன்றோ?

அன்று நடந்த மீதியைக் கூறி முடிக்கிறேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அவ்விளைஞரை முதலில் விசாரித்தவர் எங்கள் தோட்டத்துக் கிழவி ஒருத்தி. பால்மரம் வெட்டி ஓய்ந்த கை அது. அவர்கள் இருவர்க்கும் பொது மொழி இல்லை. அவ்வம்மாள் அவரை லயத்துக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். மாலைக்குள் லயத்தார் ஒரு கைலியும், இரண்டு சட்டையும், பெயரெழுதாத ஓர் உறையிற் சிறிது பணமும் சேர்த்துவிட்டனர். எனக்கு அதன் பின்னரே புத்தி வந்தது. அலமாரியைத் திறந்து அவர் வேலைக்குச் சேர்ந்த நாளின் கட்டைப் பிரித்தேன். அவர் பாஸ்போர்ட்டின் நகல், எண்ணும் படமும் தெளிவாக, அங்கே இருந்தது. நானே என் கையால் துளையிட்டுக் கோத்து வைத்தது. அதை எடுத்துக்கொண்டு அவருடன் போலீஸ் நிலையத்துக்கும், பின்னர் அவர் நாட்டுத் தூதரகத்துக்கும் போனேன். பல வாரம் சென்று புதிய புத்தகம் கிடைத்தது. பணமும் மோதிரமும் கிடைக்கவில்லை.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் சகோதரர்களே! நம் முன்னோரும் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு துண்டுச் சீட்டோடும் இந்நாட்டுக் கரையில் இறங்கியவர்களே. அச்சீட்டைத் தொலைத்தவர் எத்தனை பேர், அவர்கட்காக வாய் திறந்தவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை. உங்கள் சான்றுகளுக்கு இன்றே நகல் எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பறிகொடுத்தவர் எவரேனும் உங்கள் வாசலில் வந்து நின்றால், அவர் எந்நாட்டவராயினும், முதலில் உட்காரச் சொல்லுங்கள். மற்ற கேள்விகளைப் பிறகு கேட்கலாம்.